கட்டைவிரல் வைக்க இடம்

அவளுக்குக் கைகாரி என்று பெயர் வைத்தவர்கள் சலவைக்கூடத்துப் பெண்கள். தந்திரக்காரி என்ற பொருளில் வைக்கவில்லை. அவளைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது கைகள்தான் என்பதால் வைத்தார்கள். ஒரு பெரிய விடுதியின் அடித்தளத்தில் முப்பத்தொரு வருடம் படுக்கை விரிப்புகளை மடித்தவள். மற்றவர்கள் நெஞ்சோடு அணைத்துத் தூக்கும் துண்டு மூட்டையை அவள் ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையால் கதவைத் திறப்பாள். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கப் போனபோது பெண்கள் பக்கத்தில் அவள் அளவு கிடைக்காமல் ஆண்கள் பக்கத்தில்தான் எடுத்தார்கள். "எனக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைக்கல, பெரிய கை கிடைச்சுது" என்று அவள் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் இறந்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. அடுத்த வருடமே வயதைக் காட்டி அவளையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மகன் ஒன்பது மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தான்.

தனியாக இருப்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அது அவ்வளவாக வரவில்லை. வந்தது தொண்டைக்கட்டு. மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டுக் கடையில் போய் "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்டால், குரல் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி கரகரத்துக்கொண்டு வரும். கடைக்காரர், "சளி பிடிச்சிருக்கா?" என்பார். "ஆமா" என்பாள். சளியென்றால் ஒரு மருந்தாவது உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகன் கூப்பிடுவான்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்டா."

"சாப்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சும்மா."

பதினொரு நிமிடம். சில வாரம் பன்னிரண்டு. மருமகள் பின்னாலிருந்து, "அத்தையைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்பாள். "அத்தையும் கேட்டேன்னு சொல்லு" என்பாள் இவள். இருவரும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார்களே தவிர, பேசிக்கொண்டது இல்லை.

ஒரு நாள் லிப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'டேப்லெட்டைப் பிடித்துப் பார்க்க ஆட்கள் தேவை. வாரம் இரண்டு மணி நேரம்.' மாத்திரையை முழுங்கத்தானே ஆள் வேண்டும், பிடித்துப் பார்க்க எதற்கு ஆள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள். 'பெரிய கைகள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.'

அறுபத்தொரு வருடத்தில் அவள் கைக்கு முன்னுரிமை கிடைத்தது அதுதான் முதல் தடவை. தாளின் அடியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

டயர் கடைக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இடம். போன்களும் டேப்லெட்டுகளும் வடிவமைக்கிற கம்பெனி ஒன்றின் சோதனை அறை. உள்ளே ஒரு சோபா, ஒரு நாற்காலி, நின்றுகொண்டு பிடிப்பதற்குப் பஸ்ஸில் இருப்பது போல ஒரு கம்பி. கூரையிலிருந்து இரண்டு கேமராக்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"முகத்தைப் படம் எடுக்க மாட்டோம்மா. கையை மட்டும்தான்" என்றாள் அங்கிருந்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் தையல்காரர் மாதிரி ஒரு டேப்பும், சட்டைப் பையில் எஃகினால் ஆன அளவுகோலும் வைத்திருந்தாள். வேலைக்கு வருகிறவர்கள் அவளை அளவுக்காரி என்றே சொன்னார்கள்.

அளவுக்காரி அவளை மேசைக்கு எதிரில் உட்காரவைத்து, "கையைக் குடுங்க" என்றாள்.

கைகாரி கொடுத்தாள். அளவுக்காரி அதைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பார்த்தாள். "அம்மாடி!" என்றாள். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. சின்னக் கையும் நடுத்தரக் கையும் நிறைய வருது. இந்த அளவு எங்களுக்கு மூணு பேர்தான் இருந்தாங்க, மூணு பேரும் ஆம்பளைங்க. நீங்க எங்களுக்குப் புதையல்."

"புதையலா! அந்தக் காலத்துல என் மாமியார் இதைப் பார்த்துட்டு, சோறு போட்டுக் கட்டுப்படி ஆகுமான்னு கேட்டாங்க."

அளவுக்காரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அளந்தாள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை. உள்ளங்கை அகலம். கட்டைவிரலின் நீளம், சுற்றளவு, எவ்வளவு தூரம் விரிகிறது என்பது. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் பிடித்து நீட்டினாள். பதினொரு இடம். அவள் கை சில்லென்று இருந்தது. "ஏசி ரொம்ப வெச்சிடறாங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள்.

கைகாரிக்குக் காதில் அது சரியாக விழவில்லை. கணவர் போன அன்று வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்தார்கள். வரிசையாக வந்து பிடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் பிடிக்கவில்லை என்பது அந்த மேசையில்தான் அவளுக்கு உறைத்தது. கடைக்காரர் சில்லறையைக் கல்லாப் பலகையில் வைப்பார். டாக்டர் இரத்த அழுத்தத்துக்குப் பட்டையைச் சுற்றிவிட்டு மெஷினைப் பார்ப்பார். இரண்டு வருடம் நாலு மாதம்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல, இல்ல. நீ அள."

சோதனை செவ்வாய்க்கிழமைதோறும். எளிமையானதுதான். ஒரே அளவில் மூன்று டேப்லெட்டுகள். ஒன்றில் திரையைச் சுற்றி விரலகலத்துக்குக் கறுப்பு ஓரம் இருந்தது. இன்னொன்றில் அதில் பாதி. மூன்றாவதில் ஓரமே இல்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை கண்ணாடியும் வெளிச்சமும்தான். ஒவ்வொன்றையும் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு கதை படிக்க வேண்டும். முடித்ததும் ஒரு படிவம். அதில் ஐந்து முகங்கள் வரைந்திருக்கும், அழுகிற முகத்திலிருந்து பல் தெரியச் சிரிக்கிற முகம் வரை. எது தன் நிலையோ அதில் குறி போட வேண்டும். அளவுக்காரி சோதனைக்கு முன்னும் பின்னும் கையை அளப்பாள். விரல்கள் எவ்வளவு வீங்கியிருக்கின்றன என்று பார்க்கத்தான்.

முன்னும் பின்னும். அதாவது ஒரு செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு தடவை.

அகல ஓரம் வைத்ததைப் பிடிப்பதில் சிரமமே இல்லை. கட்டைவிரல் அந்தக் கறுப்பின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பாதி ஓரமும் பரவாயில்லை. ஓரமில்லாததுதான் படுத்தியது. அவளுடைய கட்டைவிரல் எங்கே வைத்தாலும் எழுத்தின் மேல் விழுந்தது. விழுந்ததும் பக்கம் திரும்பியது. திருப்பிக் கொண்டுவந்தால் எழுத்து பெரிதாகியது. பிறகு ஏதோ ஒரு பெட்டி வந்து 'அழிக்கவா?' என்று கேட்டது. சூடான பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி விரல் நுனிகளால் தாங்கிப் பிடித்தாள். பத்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு இழுத்தது.

"எதுக்கும்மா இந்த ஓரத்தை எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் படம் பெருசா வேணும், சாமான் சின்னதா வேணும். ரெண்டும் வேணும்னா ஓரத்துலதானே கை வைக்கணும்?"

"நான் எங்க கை வைக்கிறது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

முதல் வாரம் அவள் உண்மையைத்தான் எழுதினாள். ஓரமில்லாததற்கு இரண்டாவது முகம், வாய் கோணியது.

அன்று அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தபால்காரர் இருந்தார். அவருக்கும் பெரிய கை. ஓரமில்லாததைக் கையில் எடுத்த ஐந்தாவது நிமிடமே சத்தம் போட்டார். "இது என்னங்க, பிடிக்கிறதா, தாங்குறதா? மீன் மாதிரி வழுக்குது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான் இதை?" படிவத்தில் அழுகிற முகத்தில் குறி போட்டு, போதாதென்று அதற்குக் கண்ணீரும் வரைந்துவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அவருடைய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"தபால்காரர் எங்க?"

"அவர் முடிஞ்சுதும்மா" என்றாள் அளவுக்காரி, டேப்பை உருவிக்கொண்டே.

முடிந்தது. அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்து யோசித்தாள் கைகாரி. குறை சொன்னார், முடிந்துவிட்டது. விடுதியிலும் அப்படித்தான். சோப்புத் தூள் கை அரிக்கிறது என்று சொன்ன பெண்களை அடுத்த மாதம் பார்க்க முடியாது. முப்பத்தொரு வருடம் அவள் வேலையில் நிலைத்தது, அரித்தபோது அரிக்கவில்லை என்று சொன்னதால்தான்.

மூன்றாவது செவ்வாய் அவள் எல்லாவற்றுக்கும் பல் தெரியச் சிரிக்கிற முகத்தில் குறி போட்டாள்.

"ஓரம் இல்லாததும் சௌகரியமா இருந்துச்சாம்மா?" என்று அளவுக்காரி ஆச்சரியப்பட்டாள்.

"பழகிடுச்சு."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"கை பெருசுன்னா அறிவும் பெருசு."

சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சமையலறையில் காய் நறுக்குகிற பலகை ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. மத்தியானம் சோபாவில் உட்கார்ந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு பழகினாள். கட்டைவிரல் பலகையைத் தொடக் கூடாது. காற்றில் நிற்க வேண்டும். சுண்டுவிரல் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம், பதினைந்து, இருபது. எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஒரு கிழவி தினமும் வெறும் பலகையைப் படிக்கிறாள் என்று அவர் நினைத்திருக்கக் கூடும். அவள் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டாள்.

மணிக்கட்டு வீங்கியது. வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள் வரை துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, செவ்வாய் காலையில் அவிழ்த்துவிடுவாள். தடம் மறையட்டும் என்று வெந்நீரில் கையை வைத்திருப்பாள்.

அந்த நாட்கள் அவளுக்குக் கெட்ட நாட்களாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமையே நகம் வெட்டிக்கொள்வாள். கைக்குக் களிம்பு பூசுவாள். அளவுக்காரி அளக்கும்போது பேசிக்கொண்டே அளப்பாள். தன் வீட்டு வாஷிங் மெஷின் குதிக்கிறது என்பாள். அடியில் நாலாக மடித்த சாக்கை வை என்பாள் இவள். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து ஒற்றை ஆளாகச் சாப்பிடுவேன் என்று ஒரு நாள் அளவுக்காரி சொன்னாள். "ஏன், கூட வேலை செய்றவங்க?" "அவங்க எல்லாம் போனைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவாங்க. நான் நாள் பூரா போனையே பார்க்கறேன்மா, சோத்தையாவது பார்க்கலாம்னு." இருவரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் அதிகமாக ஆனது. அப்போதும் அளவுக்காரி கையை விடவில்லை. மறந்திருப்பாள்.

ஆறாவது செவ்வாய் அளவுக்காரி டேப்பை எடுக்கவில்லை.

"இன்னைக்குச் சோதனை வேண்டாம்மா. ஒண்ணு காட்டறேன், பாருங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

திரையில் ஒரு கை வந்தது. மேலிருந்து எடுத்த படம். தன் கை என்று கைகாரிக்குச் சட்டென்று தெரியவில்லை. யாரோ ஒரு வயதானவரின் கை, வெளிச்சமான கண்ணாடி ஒன்றை ஏந்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் கண்ணாடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நடுங்கியது. சுண்டுவிரல் அடியில் வளைந்து வெளுத்துப் போயிருந்தது. ஒரு நிமிடம் அப்படியே ஓடியது படம். பிறகு கட்டைவிரல் மெல்ல இறங்கி, கண்ணாடியைத் தொடப் போய், சுட்டது போல மேலே எழும்பியது.

அளவுக்காரி படத்தை நிறுத்திவிட்டு, படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பல் தெரியச் சிரிக்கிற முகம்.

"வாய் சொல்றதை எழுதிப்போம்மா. ஆனா கை சொல்றதைத்தான் நம்புவோம். இந்தக் கை வலிக்குதுன்னு கத்துது. ஏன் இப்படி எழுதினீங்க?"

கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, அது அவளுக்கு அப்படியே நடந்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் பால் கடையில் வருவது போல் கரகரத்தது.

"குறை சொன்னா மறுபடி கூப்பிட மாட்டீங்களோன்னு."

"யார் சொன்னா அப்படி?"

"தபால்காரரை நிறுத்திட்டீங்களே."

"அவருக்கு ரெண்டு தடவைதான்மா திட்டம். முந்தின வாரமே ஒரு தடவை வந்துட்டுப் போயிருந்தார். அதான் முடிஞ்சுதுன்னு சொன்னேன்." அளவுக்காரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "திட்டறவங்களைத்தான் நாங்க தேடித் தேடிக் கூப்பிடறதே. அவங்களாலதான் எங்களுக்குப் பிரயோஜனம்."

கைகாரி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இங்க வரணும்மா. வேற ஒண்ணும் இல்ல. நீ கையைப் பிடிச்சு அளக்கிறே. வேற யாரும்..." என்றாள். அதை முடிக்கத் தெரியவில்லை.

அளவுக்காரி பார்வையைத் திருப்பிச் சன்னல் பக்கம் பார்த்தாள். கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

நடந்தது அதோடு முடியவில்லை. பெரிய கைக்காரர்கள் நாலே பேர். அதில் மூன்று பேர் திட்டியிருந்தார்கள், ஒருத்தி மட்டும் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பை எடுத்துத்தான் போன வாரம் மேலாளர் கூட்டத்தில் காட்டினாராம்: பெரிய கைகூடப் பழகிவிட்டால் சௌகரியம்தான் என்று. ஓரமில்லாததையே செய்யலாம் என்று பேச்சு முடிவாகிவிட்டது. இனி அளவுக்காரி போய், அந்தத் தாள்கள் செல்லாது, நான்தான் படத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"உனக்குத் திட்டு விழுமா?"

"விழும்."

"எங்க இருக்கார் உங்க மேலாளர்?"

"மூணாவது மாடி. ஏன்?"

"நான் பண்ணினதை நான்தானே சொல்லணும்?"

மேலாளரின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். எல்லார் கையிலும் ஏதோ ஒரு கண்ணாடிப் பலகை. மேலாளர் மரியாதையானவர், எழுந்து நாற்காலி போட்டார். அவர் கை சின்னது, குழந்தைக் கை மாதிரி வழுவழுவென்று இருந்தது. இவர் இதைப் பிடித்தால் கஷ்டம் தெரியாதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "நான் எழுதிக் குடுத்தது பொய். எனக்கு அது சௌகரியமா இல்ல. கை வலிக்குது. இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றாள்.

யாரும் பதில் சொல்வதற்குள், "காட்டறேன்" என்று மேசைமேல் இருந்த ஓரமில்லாததை எடுத்தாள். அந்தரத்தில் விரலை நிறுத்துகிற வித்தையை எல்லாம் விட்டுவிட்டு, மனுஷி எப்படிப் பிடிப்பாளோ அப்படிப் பிடித்தாள். கதையை உரக்கப் படித்தாள். படகு கவிழ்ந்து ஒருவன் ஆற்றில் விழுந்தான். மூச்சு முட்டியது. கையைத் தூக்கிக் கத்தினான். கட்டைவிரல் பட்டது. அடுத்த வரியில் அவன் ரயிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். மேலாளரும் சிரித்தார். "அம்மா, அதை நாங்க மென்பொருள்ல சரி பண்ணிடுவோம். ஓரத்துல விரல் பட்டா அது கண்டுக்காத மாதிரி செய்யலாம்."

"அது கண்டுக்காதுங்கறது உங்களுக்குத் தெரியும். கைக்குத் தெரியாதே."

"புரியலம்மா."

"தொட்டா ஏதாவது கெட்டுடுமோன்னு பயந்துக்கிட்டேதான் கை இருக்கும். பயந்த கை இறுகிப் போகும். இறுகினா வலிக்கும். எனக்குப் படம் பெருசா இருக்கறது முக்கியம் இல்ல. கட்டைவிரல் வைக்க ஓர் இடம் வேணும். இது உன் இடம், இங்க நீ சும்மா இருக்கலாம்னு ஓர் இடம்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே தான் இவ்வளவு பேசியது அதிசயமாக இருந்தது. மேலாளர் ஏதோ எழுதிக்கொண்டார். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். முடிவு என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

லிப்ட் வரை அளவுக்காரி கூட வந்தாள்.

"விதிம்மா. ஒரு தடவை தாள் செல்லாதுன்னு ஆயிட்டா, திரும்ப அவங்களைச் சேர்க்க முடியாது. என் கையில இல்ல."

"தெரியும்மா."

"மணிக்கட்டுக்கு ஐஸ் வைங்க. பலகை கிலகைன்னு எதையும் தூக்காதீங்க."

பலகையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அளவுக்காரி பேச்சுவாக்கில் சொன்னது தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று புரிந்து, அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. அளவுக்காரி கையை நீட்டினாள். அளவுகோல் இல்லாமல் பிடித்தாள். லிப்ட் வந்ததும் விட்டாள்.

அந்த வாரம் நீளமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"எப்படிம்மா இருக்க?"

அவளுக்குத் திரையில் பார்த்த அந்த நடுங்குகிற விரல் ஞாபகம் வந்தது.

"நல்லா இல்லடா."

"என்னாச்சு? உடம்பா? டாக்டரைப் பார்த்தியா?"

"உடம்பு இல்ல."

"பின்ன?"

"நாள் முழுக்கப் பேசாம இருக்கேன்டா. வாயே மறந்துடும் போல இருக்கு. உனக்குக் கவலை வேண்டாம்னு நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். இல்ல. அவ்வளவுதான்."

மறுபக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான் என்னம்மா பண்ணணும்?" என்றான் கடைசியில். எரிச்சலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.

"தெரியலடா. நீ கேட்டே, சொன்னேன்."

அன்று ஏழு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாள் முழுக்க உறுத்தியது. புதன்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. "சும்மாதான்" என்றான். இருவருக்கும் பேச விஷயம் இல்லை. வாஷிங் மெஷின் சத்தம் கேட்கிறதே என்றாள். ஆமாம், குதிக்கிறது என்றான். அடியில் சாக்கு வைக்கச் சொன்னாள்.

ஐந்து வாரம் கழித்து அளவுக்காரி கூப்பிட்டாள். அலுவலக எண்ணிலிருந்து அல்ல, தன் சொந்த எண்ணிலிருந்து.

"ஓரம் வைக்கறாங்கம்மா. பெரிய அளவு டேப்லெட்டுக்கு மட்டும். ஒன்பது மில்லிமீட்டர்."

"ஒன்பதுன்னா எவ்வளவு?"

"உங்க கட்டைவிரல்ல பாதிகூட வராது. நான் கேட்டது பதினஞ்சு."

"கல்யாணத்துக்கு எனக்கு மோதிரம் தேடினப்பவும் இதே கதைதான். இருக்கறதுல பெருசைக் குடுத்தாங்க." பிறகு, "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

"திட்டோட போச்சு. இப்போ நாற்காலிப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. முதுகை அளக்கறேன்."

"முதுகு பேசாதே."

"ஆமாம்மா. பேச்சுத்துணையே இல்ல."

மூன்று நிமிடம் பேசினார்கள். ஒரு நாள் வரேன் என்றாள் அளவுக்காரி. வா என்றாள் இவள். அவள் வரவில்லை. வருவாள் என்று இவளும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்காக வைத்திருந்தாள்.

மகன் விடுமுறை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினான். தனியாகத்தான் வந்தான். இரண்டு நாள் லீவு. வந்தவனுக்கு அம்மாவின் வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான். ஒழுகாத குழாயை இறுக்கி ஒழுக வைத்தான். பிறகு அதைச் சரிசெய்தான். அதில் ஒரு மத்தியானம் போனது. சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அவள் எதிரில் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்தாள். பழைய நாட்களில் என்றால் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். அவளுடைய கைதான் அது. அதே அகலம், அதே முட்டி. போன் ஓரமில்லாத ஜாதி. கட்டைவிரல் போவதற்கு இடமில்லாமல் வளைந்து நின்றது. மொத்தக் கனமும் சுண்டுவிரலில் உட்கார்ந்திருந்தது. அந்த விரலின் பக்கவாட்டில் போனின் விளிம்பு பதிந்து பதிந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

"வலிக்குதாடா?"

"எது?"

"சுண்டுவிரல்."

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

அவள் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்த விரலை எடுத்துப் பள்ளத்தின்மேல் மெல்ல அழுத்தினாள்.

"ஆ!" என்றான்.

"நல்லாத்தான் இருக்கோ?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ராத்திரியில மரத்துப் போகுதும்மா" என்றான். "ஆபீஸ் வேலை எல்லாம் இதுலதான். வீட்டுக்கு வந்தும் இதேதான். அவளும் ஒண்ணு வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பா. சில நாள் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசறதில்ல."

அவள் அலமாரியிலிருந்து களிம்பை எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, மணிக்கட்டு வரை. அவன் சின்ன வயதில் ஒரு நிமிடம் கையைக் கொடுக்க மாட்டான், பிடுங்கிக்கொண்டு ஓடுவான். இப்போது கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தான். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட இருவரும் எழவில்லை.

ஞாயிறு மத்தியானம் பஸ். நிறுத்தத்தில் கூட்டமாக இருந்தது. "கிளம்பறேன்மா" என்றான். "போயிட்டு வா" என்றாள். மருமகளுக்கு என்று ஒரு புட்டி களிம்பைக் கொடுத்து, "தேய்ச்சுவிடச் சொல்லு. நீயும் அவளுக்குத் தேய்ச்சுவிடு" என்றாள். கூட்டம் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. எந்தச் சன்னலில் இருக்கிறான் என்று தேடுவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு நடந்தாள். வெயில் இருந்தது. அடுத்த ஞாயிறு வரை ஏழு நாள். நடுவில் ஒரு புதன். பால் தீர்ந்திருந்தது நினைவுக்கு வந்து, கடைப் பக்கம் திரும்பியபோது போன் அடித்தது.

"என்னடா, எதையாவது மறந்துட்டியா?"

"இல்லம்மா. உட்கார இடம் கிடைச்சிடுச்சு. அதான் சொன்னேன்."

"சன்னல் பக்கமா?"

"ஆமா, சன்னல் பக்கம்தான்."

வேறு ஒன்றும் சொல்ல இல்லை. ஆனாலும் அவன் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பஸ் இரைகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்க, கடைக்காரரிடம் போய் நின்று, "ஒரு பால் பாக்கெட்" என்றாள். கடைக்காரர் பாலை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.